தன்னைப் பற்றி எதுவும் சொல்லாத அட்டை

ஓய்வு பெற்றவனின் தொலைபேசிக்கு வருவது பெரும்பாலும் மரண அறிவித்தல், இல்லையென்றால் சர்க்கரை வியாதிக்கு யாரோ கண்டுபிடித்த கைமருந்து. போன கிழமை வந்தது வேறு. நான் கடைசியாக வேலை பார்த்த நிலத்தடி நீர்ப் பகுதியில் இப்போதிருக்கும் இளம் உத்தியோகத்தர் ஒருவர் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். பழைய மடிக்கணினிகளின் விலாவில் செருகும் அட்டைகளுக்கான நிரல்களை, லினக்ஸ் இயங்குதளத்தைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி வருகிறார்களாம். செய்தியின் கீழே அவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: “அண்ணை, உங்கடை அட்டைக்கு எட்டுச்செலவு எப்ப?”

செத்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் சடங்கு அது. பகிடி நல்லதுதான். ஆனால் அந்த அட்டையின் கதை அவருக்குத் தெரியாது. அவர் வேலைக்கு வந்தபோது கிணறுகளில் இருக்கும் கருவிகள் தாங்களாகவே கைபேசி வலையமைப்பில் அளவுகளை அனுப்பத் தொடங்கிவிட்டன. குளிரூட்டியின் கீழ் இருந்துகொண்டே கோப்பாய்க் கிணற்றின் உப்பைப் பார்க்கலாம். குறை சொல்ல மாட்டேன். கிணற்றைப் பார்க்காமலே கிணற்றைப் பற்றி அறிக்கை எழுதும் வசதி முன்பு மேலதிகாரிகளுக்கு மட்டும்தான் இருந்தது. இப்போது எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது.

நான் சேர்ந்த காலத்தில் கருவி என்றால் உருக்கு நாடா. அதன் நுனியில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைப் பூசிக் கிணற்றுக்குள் இறக்கி, நனைந்த கோட்டைப் பார்த்து நீர்மட்டத்தை எழுதுவோம். உப்பை அளக்க ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவோம். கொழும்பில் நடந்த பயிற்சியில் எனக்கு நினைவிருப்பது மதியச் சாப்பாட்டின் உறைப்பு ஒன்றுதான். யுத்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. நாடாவுக்கும் வெண்கட்டிக்கும் அது தேவைப்படவும் இல்லை. கிணறுகளைக் குறித்த வரைபடத்தைச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு இராணுவச் சோதனைச் சாவடியில் நின்று, இந்த வட்டங்கள் எல்லாம் கிணறுகள்தான், வேறொன்றுமில்லை என்று விளங்கப்படுத்தியதுதான் அந்த வருடங்களில் நான் பெற்ற உயர்கல்வி.

பிறகு வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று தானியங்கிப் பதிவுக் கருவிகள் தந்தது. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூண். தூணில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கிணற்றுக்குள் இறங்கும். அதன் நுனியில் ஓர் உணரி. அது நீர்மட்டத்தையும் வெப்பநிலையையும் உப்பையும் மணிக்கொருமுறை அளக்க, பெட்டி அதைத் தனக்குள் செருகிய ஓர் அட்டையில் எழுதிவிடும். வங்கி அட்டையின் அளவு, பிஸ்கற்றின் தடிப்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த அட்டையை எடுத்து வந்து அலுவலகக் கணினியில் வாசிப்போம். கருவியோடு வந்த வாசிப்பு மென்பொருள் ஒரே ஒரு பழைய கணினியில் மட்டும் ஓடியது. தந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். செய்த கம்பனி இல்லாமல் போய்விட்டது. கருவி மட்டும் பிடிவாதமாக வேலை செய்துகொண்டிருந்தது.

லினக்ஸ் எங்களிடம் வந்தது அறிவுத் தாகத்தால் அல்ல. உரிமம் இல்லாத மென்பொருள் எதையும் அலுவலகக் கணினிகளில் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. உரிமம் வாங்குவதற்கான ஒதுக்கீடு வரவில்லை. சுற்றறிக்கைக்கும் ஒதுக்கீட்டுக்கும் நடுவில் அகப்பட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் லினக்ஸ் படிப்பார். நான் படித்தேன். படித்த பிறகு பிடித்தும் போய்விட்டது; அது வேறு விஷயம். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் பதில் சொல்லும் ஓர் அமைப்பை அரசாங்க சேவையில் நான் அதுவரை கண்டதில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குப் பொறுப்பாக வந்தவர் பொறியியலாளர் பிரசாந்தினி. என்னைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர். நாங்கள் ‘மிஸ்’ என்போம். அவர் என்னைக் ‘குலம் அண்ணை’ என்பார். சத்தம் போட மாட்டார். பாராட்டவும் மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையாவது திருத்தவோ பிரிக்கவோ கழற்றவோ போகும் எவரும் முதலில் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று, செய்யப் போவதைப் படிப்படியாக வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியின் முடிவிலும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “பிழைச்சால்?” பிழையாகிப் போனால் என்ன செய்வது என்று அர்த்தம். பதில் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லாவிட்டால், “யோசிச்சிட்டு வாங்கோ.” அதோடு தன் கோப்புக்குத் திரும்பிவிடுவார்.

ஒருமுறை எங்கள் சாரதி வாகனத்தின் சில்லை மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவப் பார்த்தார்.

“பிழைச்சால்?”

“சில்லு மாத்திறதிலை என்ன மிஸ் பிழைக்கப் போகுது?”

“வாகனத்தைத் தூக்கிற ஜக் வழுக்கினால்?”

சாரதி யோசிக்கப் போனார். மற்றச் சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். வரும்போது என்னைப் பார்த்து, “இந்த மனிசி கலியாணத்துக்கு முதலும் ‘பிழைச்சால்’ எண்டுதான் கேட்டிருக்கும்” என்று முணுமுணுத்தார். எனக்கும் முதல் சில மாதங்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் காது சுட்டது. பயத்துக்கு ஒரு நடைமுறை எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இனி அந்த அட்டை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது.

கோப்பாயில் நவரத்தினம் என்றொரு தோட்டக்காரர். வெங்காயம்தான் அவருடைய பிரதான பயிர். அவருடைய கிணற்றில் எங்கள் பதிவுக் கருவி ஒன்று இருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு போத்தல் தண்ணீர்க் கம்பனி காணி வாங்கி, ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்து, பகலிரவாக இறைக்கத் தொடங்கியது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதற்குள் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் கீழே இருப்பது மேலே வரும். வந்தது. நவரத்தினத்தின் வெங்காயத் தாள்கள் நுனி கருகின. அயல் கிணறுகளும் உவர்த்தன. தோட்டக்காரர்கள் முறைப்பாடு செய்ய, அரசாங்கம் விசாரணை வைத்தது.

கம்பனியின் சட்டத்தரணி அமைதியாக ஒன்றைச் சொன்னார். அந்த இடத்துத் தண்ணீர் எப்போதுமே உவர்தான்; இல்லையென்று காட்ட ஆதாரம் உண்டா?

இருந்தது. கம்பனி இறைக்கத் தொடங்குவதற்கு முன்பும் பின்பும் மணிக்கு மணி எழுதப்பட்ட ஆதாரம், நவரத்தினத்தின் கிணற்றடிப் பெட்டிக்குள் இருந்த அட்டையில் கிடந்தது. ஆனால் அட்டையை வாசிக்கும் எங்கள் பழைய கணினி வன்தட்டோடு செத்துப்போய்ப் பல மாதம். அதனால் அட்டையையும் யாரும் எடுக்கவில்லை. அடுத்த விசாரணைத் தவணைக்குள் அளவுகளைச் சமர்ப்பிக்காவிட்டால் முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்யவேண்டி வரும் என்று விசாரணை அதிகாரி சொல்லிவிட்டார்.

நவரத்தினம் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார்.

“அண்ணை, உங்கடை பெட்டி என்ரை கிணத்தடியிலை இவ்வளவு காலமும் நிண்டது சும்மாவோ?”

“சும்மா இல்லை. எல்லாம் உள்ளுக்கை கிடக்குது. எடுக்கிறதுதான் கரைச்சல்.”

“எடுக்கேலாட்டில்?”

“எடுப்பம்.”

“நான் கேட்டது, எடுக்கேலாட்டில் எண்டு.”

“அப்ப கம்பனி சொல்லுறதுதான் உண்மையாப் போயிடும்.”

அவர் எழுந்தார். “எனக்கு வேறை தொழில் தெரியாது அண்ணை” என்றார். தேத்தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை.

அட்டையைக் கழற்றி வந்தோம். நல்லூரில் ஒரு கணினிக் கடையில் காட்டினோம். கடைக்காரர் எல்லா அட்டைகளையும் வாசிக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்த ஒரு கருவிக்குள் அதைத் திணித்துப் பார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை.

“உது செத்த காட் அண்ணை. ஒரு பென் டிரைவ் தரட்டோ?”

“இதுக்குள்ளை இருக்கிறதை அதுக்குள்ளை போட்டுத் தருவீரோ?”

“அது ஏலாது.”

“அப்ப வேண்டாம்.”

கடைக்காரரில் பிழையில்லை. அந்த வகை அட்டைகள் எல்லாவற்றுக்கும் வாய் ஒன்றுதான், வயிறுதான் வேறு. என்னிடம் விலாவில் அட்டைத் துவாரம் உள்ள ஒரு கிழட்டு மடிக்கணினி இருந்தது. அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். கமராவின் நினைவகத்தை ஓர் இணைப்பி அட்டைக்குள் வைத்துச் செருகினால், வன்தட்டுப் போல உடனே திறந்தது. ஆகவே துவாரம் நலம். எங்கள் அட்டை அந்த இனம் அல்ல. அது வெறும் நினைவகச் சில்லுகளும், அவற்றை உயிரோடு வைத்திருக்க ஒரு பொத்தான் பற்றரியும். பெட்டிக்குள் இருக்கும்வரை பெட்டி மின் கொடுக்கும். வெளியே எடுத்தால் அந்தப் பொத்தான்தான் கதி. அது தீர்ந்தால் எழுதியதெல்லாம் காற்றில் போகும். அதன் வயது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

தலைமையகத்தில் கேட்டபோது, கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். மிஸ் தொலைபேசியில் “பிழைச்சால்?” என்று கேட்டார். மறுமுனையில் இருந்தவருக்கு அந்தப் பழக்கம் தெரியாது, வைத்துவிட்டார்.

நான் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அட்டையைச் செருகிப் பார்க்கப் போகிறேன் என்று தொடங்கினேன்.

“பிழைச்சால்?”

“என்ன பிழைக்கும் எண்டு செருகினால்தான் தெரியும் மிஸ்.”

“அப்ப இதைச் செருகாதையுங்கோ. பிழை விட்டுப் பாக்கிறதுக்கு வேறை காட் ஒண்டு தேடுங்கோ.”

சொல்லிவிட்டுக் கோப்புக்குத் திரும்பினார். எனக்குக் கோபம் வந்தது. தவணை நெருங்குகிறது, இவர் ஒத்திகை கேட்கிறார். ஆனாலும் களஞ்சிய அறையில் தேடினேன். பழுதான ஒரு பெட்டிக்குள் அதே வகை அட்டை ஒன்று இருந்தது. புதுப் பொத்தான் போட்டு, எங்கள் பக்கத்துக் கொழும்புத்துறைக் கிணற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த எங்கள் கருவிக்குள் வைத்துச் சில நாள் எழுதவிட்டேன். அந்த நாட்களின் அளவுகளைப் பெட்டியின் சிறு திரையில் பார்த்துக் கையாலும் குறித்துக்கொண்டேன். பிழை விடுவதற்கென்றே ஓர் அட்டை தயாரானது.

செருகினேன். லினக்ஸ் ஏதோ வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னது. என்ன வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. ஒழுங்கான அட்டை தன் தலைப்பகுதியில் நான் யார், என்ன வகை, எவ்வளவு கொள்ளளவு என்று எழுதி வைத்திருக்கும். இது ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. மூல நிரலைத் தேடிப் போனால், தன்னைப் பற்றி எதுவும் சொல்லாத அட்டைகளை நினைவகம் என்று எடுத்துக்கொள்வதற்கு ஒரு தெரிவு இருந்தது. யாரோ ஒருவர், எங்கோ, என்னைப் போலவே தலையில் கை வைத்திருந்துவிட்டு எழுதிய தெரிவு. அதற்குக் கீழே அறிவுரை: நிச்சயமில்லையென்றால் வேண்டாம் என்று சொல். ஆகவே லினக்ஸைக் கட்டி விநியோகிப்பவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அடையாளம் இல்லாதவனைச் சந்தேகத்தின் பேரில் வெளியே நிறுத்தும் வழக்கம் எனக்குப் பழக்கப்பட்டதுதான். சாவடியில் செய்ததையே இங்கேயும் செய்தேன்: இது கிணறுதான் என்று நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். வேண்டும் என்று மாற்றி, இயங்குதளத்தின் கருவை அந்த மடிக்கணினியிலேயே புதிதாகக் கட்டினேன். ஒரு பகல் முழுக்க அது சூடேறி மூச்சிரைத்தது.

அடுத்த நாள் அட்டை தெரிந்தது. வாசித்தால், அதில் பதிந்திருந்த கொழும்புத்துறையின் பெயரில் ஒன்று விட்டு ஒரு எழுத்தைக் காணவில்லை. இலக்கங்களிலும் அப்படியே. ஒரே நேரத்தில் இரண்டு பைற் தரும் அட்டையை நான் ஒற்றையாய் வாசித்திருக்கிறேன். அகலத்தைத் திருத்தியதும் எழுத்துகள் திரும்பி வந்தன. ஆனால் கையால் குறித்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, முதல் வரியில் சில இடங்கள் குதறப்பட்டிருந்தன.

அந்தக் குதறலுக்குக் காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். லினக்ஸ் அந்த அட்டையை, எழுதுவதற்குக் கட்டளை கேட்கும் வேறொரு வகை நினைவகம் என்று எண்ணி, நீ யார் என்று அதனிடம் கேட்டிருக்கிறது. அந்த வகையிடம் கேள்வி கேட்பதென்றால் அதன்மேல் சில குறிகளை எழுதுவது. அந்த வகை அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளும். எங்கள் அட்டை கேள்வியை அப்படியே தன் மேனியில் எழுதிக்கொண்டது. உண்மையான அட்டையில் இது நடந்திருந்தால், விசாரணையில் நான் கொண்டுபோவது நானே கிறுக்கிய ஆதாரம்.

இதைத் தடுக்க அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு ஆளி, அதாவது சுவிட்ச், உண்டு. தள்ளிவிட்டால் யாராலும் எழுத முடியாது. நவரத்தினத்தின் அட்டையில் அந்த ஆளி முறிந்துபோயிருந்தது.

வாசிக்கும் நிரலிடம் கேள்வி கேட்கவே கேட்காதே, இது வெறும் நினைவகம், அகலம் இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட வழி இருந்தது. பயிற்சி அட்டையில் அப்படிச் சொல்லித் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. பிறகு மிஸ்ஸின் மேசை.

“லப்டொப் தூங்கப் போகாத மாதிரிச் செய்திருக்கிறன். தூங்கினால் அட்டைக்குக் கரண்ட் நிண்டிடும்.”

“பிழைச்சால்?”

“மூடியை மூடினாலும் தூங்காது. மூடிப் பாத்தனான்.”

“கரண்ட் போனால்?”

“லப்டொப் பற்றரி, அளவுகளைக் கொப்பி எடுத்து முடியிறதுக்கும் மேலாலை கனநேரம் நிக்கும். வயரைக் கழட்டி விட்டுப் பாத்தனான்.”

“முதல் கொப்பியோ, முதல் பொத்தான் மாத்திறதோ?”

“முதல் கொப்பி. பொத்தான் மாத்தேக்கை கை வழுக்கலாம்.”

“பிறகு?”

“ரெண்டாம் கொப்பி. ரெண்டும் ஒண்டோ எண்டு ஒப்பிட்டுப் பாக்கிறது. பிறகு, காட் துவாரத்திலை இருக்கத்தக்கதாய், அதுக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கேக்கை பழைய பொத்தானை எடுத்துப் புதுசை வைக்கிறது.”

“ரெண்டு கொப்பியும் ஒண்டில்லாட்டில்?”

அவர் “யோசிச்சிட்டு வாங்கோ” சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. “மூண்டாவது எடுங்கோ. எது ரெண்டு ஒத்துப்போகுதோ அதை நம்புவம்” என்று சொல்லிவிட்டு, கதிரையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அவர் இன்னொருவரின் மேசைக்கு வந்து நான் கண்டது அன்றுதான்.

செருகினேன். நவரத்தினத்தின் அட்டையின் மின் நிலையைக் கேட்டேன். பற்றரி குறைவு என்றது. தீர்ந்தது என்று சொல்லவில்லை. கொப்பி எடுக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. இரண்டாவதும் எடுத்தேன். ஒப்பிட்டேன். ஒன்றுதான். பொத்தானையும் மாற்றினேன். மிஸ் திரையை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பி வாசிக்கத் தொடங்கினார்.

எல்லாம் இருந்தது. கம்பனி வருவதற்கு முன் அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர். வந்த பிறகு உப்பு படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில், சரியாக ஏறத் தொடங்குவதற்கு முன்னால், இரண்டு நாள் உப்பு பூச்சியம்.

“இது என்ன?” என்றார் மிஸ்.

பூச்சியம் எந்தக் கிணற்றிலும் இல்லை. அந்த இரண்டு நாளும் நீர்மட்டமும் பூச்சியம். அடுத்த நெடுவரிசையில் வெப்பநிலையைப் பார்த்தேன். கிணற்றுக்குள் பகலும் இரவும் ஒரே வெப்பநிலைதான் இருக்கும். அந்த நாட்களில் மட்டும் மத்தியானம் நாற்பதைத் தாண்டி ஏறி, விடியற்காலையில் சரசரவென்று இறங்கியிருந்தது.

“கிணறு இறைச்சிருக்கினம் மிஸ்.”

வருடத்தில் ஒரு தடவையாவது கிணற்றை வற்ற இறைத்து, சேறு அள்ளித் துப்புரவாக்காமல் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் நடுகைக்கு இறங்க மாட்டார். இறைக்கும் நாளில் கிணற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வரும். எங்கள் உணரியும் வந்திருக்கிறது. அதைத் தொட மாட்டேன், தொட வேண்டி வந்தால் அலுவலகத்துக்கு அறிவிப்பேன் என்று நவரத்தினம் கையெழுத்து வைத்திருந்தார். அறிவித்தால் நாங்கள் வந்து சேர்வதற்குள் நடுகைக் காலம் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அது கையெழுத்தில் இல்லை.

கோப்பாய்க்குப் போனேன். அவர் வரம்பில் நின்றார்.

“கேபிளைத் தூக்கினனீங்களோ?”

“நானோ? ஏன் தூக்கிறன்? கையெழுத்து வைச்சிருக்கிறன் எல்லோ.”

தேத்தண்ணீரோடு வந்துகொண்டிருந்த அவருடைய மனைவி, அதைக் கேட்டதும் என்னைப் பார்க்காமல் தட்டத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

“நவரத்தினம், நீங்கள் தொடேல்லை எண்டால் மிசின் பழுது. மிசின் பழுது எண்டால் அது சொன்ன உப்பும் பொய். தொட்டிருந்தால்தான் மிசின் சரி.”

“தொட்டனான் எண்டு சொன்னால், உவன்தான் உப்பைப் போட்டவன் எண்டு சொல்லுவாங்கள். அதோடை எல்லாம் முடிஞ்சுது.”

“நான் உங்களுக்காகக் கதைக்கேலாது. அதிலை எழுதியிருக்கிறதை வாசிப்பன். அவ்வளவுதான்.”

“உங்கடை பெட்டிக்கு மட்டும் நல்ல வாய்” என்றார் அவர். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

விசாரணையில் அட்டையின் அளவுகளைச் சமர்ப்பித்தோம். சட்டத்தரணி கெட்டிக்காரர். இரவில் படித்திருக்கிறார். நேரே அந்த இரண்டு நாளில் விரலை வைத்தார்.

“மழைத் தண்ணியிலைகூட இல்லாத பூச்சியம் இந்தக் கிணத்திலை வந்திருக்கு. அதுக்குப் பிறகுதான் உப்பு ஏறுது. ஒண்டில் கருவி பழுது. இல்லாட்டில் ஆரோ கை வைச்சிருக்கினம்.”

உணரி காற்றில் இருந்திருக்கிறது என்று வெப்பநிலையைக் காட்டிச் சொன்னேன்.

“காத்திலை ஆர் தூக்கினது?”

“அது அட்டையிலை எழுதப்படேல்லை.”

சட்டத்தரணி சிரித்தார். அறையில் இருந்த அயல் தோட்டக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. விசாரணை அதிகாரி பேனையை மூடினார். அப்போது பின்வரிசையில் கதிரை உராயும் சத்தம் கேட்டது.

“நான்தான் ஐயா தூக்கினனான்.” நவரத்தினம் எழுந்து நின்றார். “கிணறு இறைச்சனான். தூக்கி மோட்டர்க் கொட்டிலிலை, தகரத்துக்குக் கீழை கட்டினனான். சேறு அள்ளி முடிய, ஊத்து வந்தாப் பிறகு திரும்ப விட்டனான்.”

“கையெழுத்து வைச்சிருந்தும்?” என்றார் சட்டத்தரணி.

“ஓம்.”

“வேறை என்ன செய்தனீர்? ரெண்டு மூட்டை உப்பும் போட்டனீரோ?”

“என்ரை வெங்காயத்துக்கு நானே உப்புப் போட எனக்கென்ன விசரோ? அப்பிடிப் போட்டாலும் என்ரை கிணறுதானே உவர்க்கும். அயல் கிணறுகளுக்கெல்லாம் வேலி பாஞ்சு போட்டனானோ? இவையளைக் கேளுங்கோ, ஆரும் என்னைக் கண்டவையோ எண்டு.”

“உன்ரை உடம்போடை நீ வேலி பாஞ்சால் வேலிதான் விழும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்போது எல்லோரும் சிரித்தார்கள், விசாரணை அதிகாரி உட்பட. சட்டத்தரணி மட்டும் காத்திருந்து, கருவி சரியென்று இப்போதும் எவரும் நிரூபிக்கவில்லை என்றார்.

விசாரணை அதிகாரி என்னைப் பார்த்தார். “நிரூபிக்கலாமோ?”

“கிணத்தடிக்கு வந்தால் காட்டலாம். வெயில் ஏற முதல் வெளிக்கிட வேணும்.”

எல்லோரும் கோப்பாய்க்குப் போனோம். விசாரணை அதிகாரியே கேபிளைப் பிடித்து உணரியை மேலே இழுத்தார். பெட்டியின் திரையில் உப்பும் நீர்மட்டமும் பூச்சியத்துக்கு விழுந்தன. நவரத்தினம் முன்பு கட்டிய அதே தகரத்தின் கீழ் கட்டித் தொங்கவிட்டோம். மத்தியானம் வெப்பநிலை ஏறி, அட்டையில் இருந்த அந்த இரண்டு நாட்களின் மத்தியானத்துக்குக் கிட்ட வந்து நின்றது. பிறகு ஆய்வுகூடத்தில் அளவாக உப்புக் கரைத்து, பலம் எழுதி, முத்திரை வைத்துத் தந்த போத்தலை எடுத்தேன். முத்திரையைச் சட்டத்தரணியையே உடைக்கச் சொன்னேன். உணரியை அதற்குள் விட்டேன். போத்தலில் எழுதியிருந்ததைக் கருவியும் சொன்னது. பலம் கூடிய இன்னொரு போத்தல். அதற்கும் சரியாகச் சொன்னது. கடைசியாக உணரியைத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்கினேன். உப்பு, முதல் போத்தலைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி நின்றது. சட்டத்தரணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலும் நல்ல வெயில்தான்.

கம்பனி இறைப்பதை நிறுத்த வேண்டும், மறு அறிவித்தல் வரை தொடங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நவரத்தினத்துக்கு அனுமதியின்றி உபகரணத்தைத் தொட்டதற்கு மிஸ் எச்சரிக்கை அனுப்பினார். அதுதான் நடைமுறை. இரண்டும் ஒரே கிழமையில் அவருக்குக் கிடைத்தன.

அந்த இளம் உத்தியோகத்தருக்கு நான் பதில் எழுதிவிட்டேன். பழையதைக் கழற்றுவது நல்லது. எப்போதும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. ஆனால் திறந்த மூலத்தில் கழற்றியது எரிக்கப்படுவதில்லை. முந்தைய பதிப்பில் அது அப்படியே கிடக்கும். தேவை வந்தவன் போய் எடுத்து, வேண்டும் என்று சொல்லித் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே எட்டுச்செலவுக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டாம்.

உத்தரவு வந்த பிறகு நவரத்தினம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“எப்ப அண்ணை திரும்ப நல்ல தண்ணி வரும்?”

“மழை இறங்கிக் கழுவ வேணும். ஒரு மாரி மழை போதாது.”

“ரெண்டு?”

“அளந்து பாத்துத்தான் சொல்லலாம்.”

அடுத்த தடவை அட்டை மாற்றப் போனபோது, வெங்காயம் கருகிய தோட்டத் தறை முழுவதும் பீற்றூட் நின்றது. ஓரளவு உப்பைத் தாங்கும் பயிர். அதை நடச் சொல்லி நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. இலைகள் செம்மண்ணில் கருஞ்சிவப்பாய் விரிந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, நவரத்தினம் இறைப்புக் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றியபடியே சொன்னார்:

“மாரி வாறமட்டும் ஆர் சும்மா இருக்கிறது?”